திடலோரத்தில் யார்? நீலகிரிக் கல்லூரிகளின் கால்பந்தும் மாணவர் கூட்டமும்

கேள்வியும் அதன் களமும்

ஒரு கல்லூரி அணி கால்பந்து ஆடும்போது அந்தக் கல்லூரியின் மாணவர்கள் திடலோரத்தில் இருக்க வேண்டுமா? வேண்டுமென்றால் அவர்களை எப்படி வரவழைப்பது, எங்கே அமர வைப்பது? கல்லூரி முதல்வர்களும் உடற்கல்வி இயக்குநர்களும் தலைமுறை தலைமுறையாக எதிர்கொண்டுவரும் கேள்வி இது. கட்டாயப்படுத்தலாம், சொந்த அணி என்ற பற்றை வளர்க்கலாம், இடத்தை உரிமையாகத் தரலாம், வருபவருக்குப் பரிசு தரலாம், பாதுகாப்பான இருக்கை கட்டலாம், தொலைக்காட்சியோடு போட்டி போடலாம் என்று காலந்தோறும் விடைகள் வந்துள்ளன. ஒவ்வொன்றும் பிறந்த இடத்தில் ஓரளவு பலித்தது. மலை மாவட்டமான நீலகிரிக்கு அவற்றில் எது பொருந்தும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீலகிரிக்குக் கால்பந்து புதிதல்ல. வெலிங்டனைத் தளமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியில் நாட்டின் பெரிய கிளப்புகளைத் தாண்டி ஒரு மலையூர்ப் படைப்பிரிவு பெற்ற வெற்றி அது. அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடினார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். வெலிங்டன் அணி முதன்முதலாகக் கோப்பை வென்ற அதே 1955இல்தான் உதகை அரசு கலைக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆகவே இம்மாவட்டத்தில் கல்லூரிக் கல்வியும் உயர்தரக் கால்பந்தும் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்திருக்க வேண்டியவை. இன்றும் ஆட்டம் பார்க்க ஊர் கூடுகிறது, ஆனால் கல்லூரி கூடுவதில்லை. இந்த இடைவெளிக்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. தீர்வுகள் அவற்றைவிடப் பல.

முதல் விடை: கட்டாயம்

இந்தியக் கல்விக்கூடங்களுக்குள் கால்பந்து நுழைந்த வழிகளில் ஒன்று கட்டாயம். 1891இல் ஸ்ரீநகரில் மிஷன் பள்ளித் தலைமையாசிரியரான டிண்டேல்-பிஸ்கோ, தோல் பந்தைத் தொட மறுத்த காஷ்மீரப் பண்டிதர் வீட்டுப் பிள்ளைகளைக் கம்புகளைக் காட்டி மிரட்டி ஆட வைத்தார். அதை வேடிக்கை பார்க்க ஊர் திரண்டது. விளையாட்டு ஒழுக்கத்தை வளர்க்கும், ஆகவே அது பாடத்தைப் போலவே கட்டாயம் என்பது அக்கால ஆங்கிலப் பள்ளிகளின் கொள்கை. 1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி போன்ற உறைவிடப் பள்ளிகள் வழியாக அந்த மரபு நீலகிரிக்கும் வந்தது. ‘ஹவுஸ்’ அணிகள் மோதும் நாளில் ஆடாத பிள்ளையும் திடலுக்கு வந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதன் ஒரு கூறு.

உறைவிடப் பள்ளியில் இந்த விடை பலித்ததற்குக் கொள்கையைவிட இடமே காரணம். பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். திடல் விடுதிக்கு அருகே இருந்தது. ஆட்டம் முடிந்தால் நடந்து போய் இரவுச் சாப்பாடு. அதே கொள்கையை, நாள்தோறும் வீட்டிலிருந்து வந்து போகும் மாணவர்கள் படிக்கும் அரசுக் கல்லூரிக்குக் கொண்டுவரும்போது அது தடுமாறுகிறது.

இருந்தும் கட்டாயம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. போட்டித் தொடக்க விழாவுக்கு என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாணவர்களை வரிசையாக அமர வைப்பது தமிழ்நாட்டில் பழகிய காட்சி. இதன் பெரிய வடிவத்தை 2017இல் தில்லியில் பார்த்தோம். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டங்களுக்கு ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் அழைத்து வரப்பட்டார்கள். அரங்கு நிறைந்தது, குடிநீர் போதவில்லை என்ற புகார் எழுந்தது, ஏற்பாட்டாளர்கள் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. கட்டாயத்தின் பலவீனம் இதில் தெரிகிறது. எண்ணிக்கைக்காக வரவழைக்கப்படும் கூட்டத்தின் தேவைகளைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். விழா முடிந்து, விருந்தினர் கிளம்பி, ஆட்டம் தொடங்கும் வேளையில் அந்த வரிசைகள் காலியாகிவிடுவதும் உண்டு. ஆணைக்கு வந்தவர் ஆணை முடிந்ததும் போய்விடுவது இயல்பே.

இரண்டாம் விடை: பற்று

கட்டாயத்துக்கு நேர் எதிரான விடை கொல்கத்தாவில் உருவானது. நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி 1877இல் ஹேர் பள்ளி மாணவராக இருந்தபோது கால்பந்தைத் தொட்ட கதையிலிருந்து வங்காளக் கால்பந்தின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். பிரசிடென்சி கல்லூரி, சிப்பூர் பொறியியல் கல்லூரி போன்றவற்றின் மாணவர்கள் ஆட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். கல்லூரிகளுக்கு என்றே எலியட் ஷீல்டு போட்டி நடந்தது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்றபோது பல்லாயிரம் பேர் மைதானத்தில் குவிந்தார்கள். பெரும்பாலானோருக்கு ஆட்டமே கண்ணில் படவில்லை. கோல் விழுந்த செய்தியைப் பட்டம் பறக்கவிட்டுத் தெரிவித்தார்கள்.

இருக்கை இல்லை, பந்து தெரியவில்லை, ஆனாலும் கூட்டம் வந்தது. பற்றுக் கொள்கையினர் இதைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள்: அணி நம்முடையது என்ற எண்ணம் இருந்தால் மற்றவை தாமே வரும்.

ஆனால் அந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பற்று கல்லூரியோடு நிற்கவில்லை, கிளப்புக்கு நகர்ந்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற பெயர்கள் நாட்டைப் பிடித்துக்கொண்டபோது கல்லூரி ஆட்டங்கள் ஓரத்துக்குப் போயின. நீலகிரியிலும் இதற்கு இணையான நிலை உண்டு. படகர் ஹட்டிகளிலும் (ஊர்களிலும்) எஸ்டேட் லைன் குடியிருப்புகளிலும் இளைஞர் அணிகள் இருக்கின்றன. ஊர் அணி ஆடுகிறது என்றால் பெரியவர்களும் வந்து நிற்பார்கள். உறவு முறையும் ஊர்ப்பெயரும் சேர்ந்த பற்று அது. மூன்று ஆண்டு படித்துவிட்டுப் போகும் கல்லூரியின் மேல் அதே அளவு பற்றை எதிர்பார்ப்பது கடினம். ஆகவே நீலகிரி மாணவருக்கு ஆட்டத்தில் ஆர்வமில்லை என்ற முடிவு அவசரமானது. ஆர்வம் இருக்கிறது, அது வேறு திடலில் இருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

மூன்றாம் விடை: உரிமை

மாணவர் இருக்கை என்பதைத் தனி நிறுவனமாகவே வளர்த்தது அமெரிக்கா. அங்கே கல்லூரிகள் ஆடுவது கால்பந்தல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். ஆனால் மாணவர் கூட்டத்தைப் பற்றிய விவாதத்தில் அந்நாட்டு அனுபவத்தைத் தவிர்க்க முடியாது. 1903இல் ஹார்வர்டு கட்டிய கான்கிரீட் அரங்கு ஆட்டத்தின் விதியையே பாதித்தது. 1906இல் ஆட்டத்தின் வன்முறையைக் குறைக்கத் திடலை அகலப்படுத்தும் யோசனை வந்தபோது அந்த அரங்கின் அமைப்பு அதற்கு இடம் தரவில்லை. பந்தை முன்னோக்கி எறியும் முறை ஏற்கப்பட்டதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். பார்வையாளர் வரிசை ஆட்டத்தையே வடிவமைத்த நிகழ்ச்சி இது.

அங்கே மாணவர் பகுதி கட்டணத்தோடும் மரபோடும் பிணைந்த உரிமை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 1922இல், காயமடைந்த ஆட்டக்காரர்களுக்குப் பதிலாக இறங்கத் தயாராகக் காத்து நின்ற கிங் கில் என்ற மாணவரின் நினைவாக, இன்றும் மாணவர்கள் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். பன்னிரண்டாவது ஆள் என்ற பெருமை அவர்களுடையது.

அந்த உரிமையும் சிக்கலற்றது அல்ல. 1,07,000 பேருக்கு மேல் கொள்ளும் மிச்சிகன் அரங்கில் மாணவர்கள் தாமதமாக வருவதைத் தடுக்க 2013இல் ஒரு மாற்றம் செய்தார்கள். எண்ணிட்ட இருக்கைகளை நீக்கி, முதலில் வருபவருக்கு முதலிடம் என்றார்கள். நண்பர்களோடு சேர்ந்து அமர முடியவில்லை, மூத்த மாணவருக்கு முன்னுரிமை இல்லை என்று எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டே எண்ணிட்ட இருக்கைகள் திரும்பின; முந்தைய ஆண்டு எத்தனை ஆட்டத்துக்கு வந்தார் என்பதை வைத்து இடம் ஒதுக்கப்பட்டது. அதற்குள் மாணவர் சீட்டு விற்பனை சரிந்திருந்தது. 295 டாலராக இருந்த பருவச் சீட்டை 2015இல் 175 டாலராகக் குறைத்தார்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மாணவர் ஆட்டத்துக்கு வருவது நண்பர்களோடு இருப்பதற்காகவும்தான். யார் பக்கத்தில் யார் அமர்வது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். வரிசையை நிர்வாக வசதிக்காக மாற்றினால் கூட்டம் கலையும். நம் கல்லூரிகளிலும் விளையாட்டுக் கட்டணம் வசூலாகிறது. அதற்கு ஈடாக, பார்வையாளராக ஒரு மாணவருக்கு என்ன உரிமை என்ற கேள்வி இங்கே கேட்கப்படுவதே அரிது.

நான்காம் விடை: ஊக்கப் புள்ளி

வந்தவர் பாதியில் போய்விடுகிறார் என்ற கவலைக்கு அலபாமா பல்கலைக்கழகம் 2019இல் கைபேசி வழியாக விடை தேடியது. ஆட்டத்துக்கு வந்தால் 100 புள்ளி, கடைசிக் கால்பகுதி வரை இருந்தால் மேலும் 250 புள்ளி. சேர்த்த புள்ளிகளை வைத்து முக்கியமான ஆட்டங்களுக்குச் சீட்டு வாங்குவதில் முன்னுரிமை. மாணவர் அரங்கில் இருக்கிறாரா என்பதைச் செயலி கண்டறியும்.

ஆதரித்தவர்கள் இதை நியாயமான கைம்மாறு என்றார்கள். எதிர்த்தவர்கள் இருவகை. மாணவர் எங்கே இருக்கிறார் என்று பல்கலைக்கழகம் பின்தொடர்வது தகாது என்றது ஒரு தரப்பு. வெற்றி உறுதியான ஆட்டத்தில் கடைசிவரை உட்கார வைப்பதற்குப் புள்ளி தேவைப்படுகிறது என்றால் குறை ஆட்ட அட்டவணையில் இருக்கிறது என்றது மற்றொரு தரப்பு. இரண்டாவது கருத்து நமக்கு நெருக்கமானது. பரிசு அறிவித்து வரவழைப்பதும் ஒருவகையில் கட்டாயமே. நம் ஊரில் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணோடு இதைச் சேர்க்கும் யோசனை எழுந்தால், பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவரும் தூரத்து ஊரிலிருந்து வரும் மாணவரும் ஆட்டம் பார்க்காத குற்றத்துக்காக மதிப்பெண் இழக்கும் ஆபத்து உண்டு.

ஐந்தாம் விடை: பாதுகாப்பான இருக்கை

இருக்கை பற்றிய சிந்தனையை மாற்றியவை பேரிடர்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது இரு தரப்பு ரசிகர்களும் கலந்திருந்த பகுதியில் மூண்ட மோதலிலும் நெரிசலிலும் 16 பேர் இறந்தார்கள். அந்த நாளில் ஆண்டுதோறும் ரத்ததானம் செய்து அவர்களை நினைவுகூர்கிறார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோவில் நின்று பார்க்கும் பகுதியில் ஏற்பட்ட நெரிசல் 97 உயிர்களைப் பறித்தது. அதன்பின் வந்த டெய்லர் அறிக்கை, பெரிய அரங்குகளில் அனைவருக்கும் இருக்கை என்ற கொள்கையைக் கொண்டுவந்தது.

இதற்கும் மறுப்பு உண்டு. ஜெர்மனியின் டோர்ட்முண்ட் அரங்கில் தெற்குப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டு லீக் ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். தடுப்புக் கம்பிகளும் நுழைவுக் கட்டுப்பாடும் சரியாக இருந்தால் நிற்பது ஆபத்தல்ல என்பது அவர்கள் அனுபவம். இங்கிலாந்தும் 2022 ஜனவரியில் சில அரங்குகளில் பாதுகாப்பாக நின்று பார்ப்பதைச் சோதனை முறையில் அனுமதித்தது. உயிரைக் காப்பது நாற்காலி மட்டுமல்ல. கொள்ளளவு, வாசல், வழி, கண்காணிப்பு எல்லாம் சேர்ந்ததே பாதுகாப்பு என்ற கருத்து இன்று வலுத்திருக்கிறது.

நீலகிரிக்கு இந்த விவாதம் இரண்டு வழியில் பொருந்துகிறது. கூடலூரிலிருந்து நாடுகாணி வழியே இறங்கினால் மலப்புரம். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தின் தாயகம். மூங்கிலும் கமுகு மரமும் கட்டி எழுப்பும் தற்காலிக கேலரிகள் அங்கே ஒவ்வொரு பருவத்திலும் எழுகின்றன. 2022 மார்ச்சில் காளிகாவு அருகே அப்படி ஒரு கேலரி ஆட்டத்தின் நடுவே சரிந்து பலர் காயமடைந்தார்கள். கூடலூர், பந்தலூர் வட்டங்களின் ரசனை மலப்புரத்தோடு நெருங்கியது. அந்தப் பாடமும் அவர்களுக்கு நெருங்கியதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, மலையின் நில அமைப்பு. பல திடல்களைச் சுற்றிச் சரிவுகள் உள்ளன. புல்மேட்டில் உட்கார்ந்தால் அதுவே கேலரி. இயற்கை தந்த இந்த வசதியைப் படிக்கட்டாக்கி விரிவுபடுத்த நினைப்பது இயல்பு. ஆனால் சரிவை வெட்டுவது இங்கே சிறிய காரியம் அல்ல. 2009 நவம்பர் மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மலைப்பகுதிக் கட்டட விதிகளும் உயரத்துக்கும் சரிவுக்கும் வரம்பு வைத்திருக்கின்றன. சமவெளியில் கட்டும் உயரமான கேலரியை இங்கே நகலெடுக்க முடியாது, நகலெடுக்கவும் கூடாது. சில வரிசைகள் மட்டும் கொண்ட, கூரையுள்ள, வழுக்காத படிக்கட்டே இங்கே பொருந்தக்கூடியது.

ஆறாம் விடை: திரையைக் குறை சொல்வது

வீட்டிலும் கைபேசியிலும் ஐரோப்பிய ஆட்டங்கள் கிடைக்கும்போது கல்லூரி ஆட்டத்துக்கு யார் வருவார் என்ற வாதம் பரவலானது. 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்தியா, சீனத் தைபே ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். அணித்தலைவர் சுனில் சேத்ரி, எங்களைத் திட்டுவதற்காகவாவது அரங்குக்கு வாருங்கள் என்ற பொருளில் காணொளியில் வேண்டினார். மூன்று நாள் கழித்து கென்யாவுடனான ஆட்டத்துக்குச் சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன.

இதிலிருந்து இருவேறு முடிவுகள் எடுக்கிறார்கள். திரைதான் எதிரி என்பது ஒன்று. அழைப்பே வராமல் இருந்ததுதான் காரணம் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஆதரவான சான்று மலப்புரத்தில் இருக்கிறது. 2022 மே 2 அன்று மஞ்சேரி பய்யநாட்டில் கேரளமும் வங்காளமும் மோதிய, மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபி இறுதியாட்டம் இரவு 8 மணிக்கு. மாலையே அரங்கு நிரம்பத் தொடங்கிவிட்டது. அங்குள்ளவர்களிடமும் கைபேசி உண்டு, ஐரோப்பிய ஆட்டங்களின் மேல் பைத்தியமும் உண்டு. ஆகவே திரை காரணம் என்பதைத் தனியாக ஏற்க முடியவில்லை. வேறு தடைகள் இருக்கும் இடத்தில் திரை எளிய மாற்றாகிறது என்று சொல்வதே சரியாக இருக்கும்.

விடைகள் தொடாத இடம்: மலையின் காலமும் தூரமும்

மேலே கண்ட விடைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அனுமானம் உண்டு. ஆட்டம் மாணவரின் அருகே, அவர் வரக்கூடிய நேரத்தில் நடக்கிறது என்பதே அது. அமெரிக்கக் கல்லூரி அணி ஒரு பருவத்தில் ஆறு, ஏழு ஆட்டங்களைச் சொந்த அரங்கில், பெரும்பாலும் சனிக்கிழமைகளில் ஆடுகிறது. தேதிகள் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். நம் கல்லூரிக் கால்பந்தின் அமைப்பு வேறு. பல்கலைக்கழக அளவிலான போட்டி பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லூரியில் சில நாட்களில் நடந்து முடியும் நாக்-அவுட். நீலகிரிக் கல்லூரிகள் பல 1982இல் அமைந்த கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. உதகையிலிருந்து கோவை ஏறத்தாழ 85 கிலோமீட்டர், மலைப்பாதை. அணி கீழே இறங்கி ஆடிவிட்டுத் திரும்பும். சக மாணவர்களுக்கு முடிவு மட்டும் வாட்ஸ்அப்பில் வரும். சொந்தத் திடல் ஆட்டமே இல்லாத அணிக்குச் சொந்தக் கூட்டம் எப்படி உருவாகும்?

அடுத்தது வருகைப்பதிவு. தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது பொது விதி. ஆட்டக்காரருக்கு ஓ.டி. (பணிநிமித்த வருகை) கிடைக்கும், பார்க்கப் போன நண்பருக்கு அன்றைக்கு ஆப்சென்ட். வேலைநாளில் ஆட்டம் வைத்துவிட்டு மாணவர் வரவில்லை என்று வருந்துவது பொருந்தாது. கல்லூரியின் பதிவேடே அவரைத் தடுத்து நிறுத்துகிறது.

மூன்றாவது பேருந்து. உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்ற ஆறு வட்டங்களிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். எஸ்டேட்டுக்கும் உட்கிராமத்துக்கும் போகும் பேருந்துகள் நாளுக்குச் சில நடைகளே. அந்த நடையை விட்டால் அடுத்தது இருட்டிய பின்தான். காட்டெருமையும் சிறுத்தையும் யானையும் நடமாடும் பாதைகளில் இருட்டியபின் நடந்து வீடு சேர்வதை எந்தப் பெற்றோரும் விரும்ப மாட்டார்கள். மாலை 3.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் மாணவர் எழுந்து போனால், அது ஆர்வக் குறைவு என்று கொள்ளக் கூடாது. கடைசி வரை இருந்தால் புள்ளி என்று அவரிடம் சொல்வதில் பயனில்லை; அவருக்கு வேண்டியது ஆட்டம் முடிந்தபின் கிளம்பும் ஒரு பேருந்து.

நான்காவது மழை. கல்லூரி திறக்கும் ஜூனில் தென்மேற்குப் பருவமழை வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை மாவட்டம் மறக்கவில்லை. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் மழை இல்லாத மாலையிலும் மூடுபனி திடலை மறைப்பதுண்டு. இங்கே கூரை ஆடம்பரமல்ல. ஈரப் புல்லில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது ஆட்டப் பற்று உள்ளவருக்கும் சோதனையே.

மாணவியர் இடம்

கூட்டம் என்றதும் ஆண்களை மட்டும் நினைப்பது இந்த விவாதத்தின் நீண்டகாலக் குறை. உதகையிலும் குன்னூரிலும் மகளிர் கல்லூரிகள் இருக்கின்றன. இருபாலர் கல்லூரிகளிலும் மாணவியர் திரளாகப் படிக்கிறார்கள். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன் ஆனது. மதுரை சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. ஆட்டத்தில் பெண்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். திடலோரத்தில் அவர்களுக்கான ஏற்பாடு அந்த அளவுக்கு வரவில்லை.

இங்கே இரு கருத்துகள் மோதுகின்றன. தனி வரிசை ஒதுக்கினால்தான் மாணவியர் தயங்காமல் வருவார்கள், பெற்றோரும் அனுப்புவார்கள் என்பது ஒன்று. ஒதுக்கி வைப்பது அவர்களை விருந்தினராக்குகிறது, நண்பர்களோடு எங்கும் அமரும் சூழலே வேண்டும் என்பது மற்றொன்று. தொடக்கத்தில் முதல் வழி துணை செய்யக்கூடும்; அதுவே நிலையாகிவிட்டால் இரண்டாம் கருத்தின் அச்சம் உண்மையாகும். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடியவை எளியவை: அருகே சுத்தமான கழிப்பறை, வெளிச்சம், பெண் அலுவலர், திரும்பிப் போகப் பேருந்து. 2021இல் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் பின்னர் மலைப்பகுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. பயணச் செலவுத் தடை குறைந்தது. நேரத் தடை அப்படியே இருக்கிறது.

கூட்டம் வந்தால் என்ன ஆகிவிடும்?

இவ்வளவு முயற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இடம் தர வேண்டும். கல்லூரி விளையாட்டு ஆடுபவர்களுக்கானது, பார்ப்பவர் எண்ணிக்கையைத் துரத்தினால் பணமும் கவனமும் அரங்குக்குப் போய்விடும், பந்துக்கும் பூட்ஸுக்கும் பயிற்சியாளருக்கும் மிஞ்சாது என்று அவர்கள் சொல்கிறார்கள். கூட்டம் கூடினால் கல்லூரிகளுக்கிடையே மோதல் வரும் என்ற நிர்வாகத்தின் அச்சமும் இதோடு சேர்கிறது. இரண்டும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல.

மறுபக்கத்தில், கூட்டம் ஆட்டத்தைப் பாதிக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 2020 மே மாதம் ஜெர்மன் லீக் காலி அரங்குகளில் மீண்டும் தொடங்கியபின் சொந்தத் திடல் அணியின் சாதகம் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டின. வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. அவை தொழில்முறை ஆட்டங்கள். ஐம்பது பேர் நிற்கும் மலைத் திடலுக்கு அந்த முடிவுகளை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் சக மாணவர் பார்க்கிறார் என்ற உணர்வு, நாள்தோறும் குளிரில் பயிற்சிக்கு எழுந்து வரும் ஆட்டக்காரருக்குப் பெரிய மதிப்பு. விளையாட்டுக் கட்டணம் கட்டும் மாணவருக்கும் தன் அணியைப் பார்க்க வாய்ப்பு கிடைப்பது நியாயமே.

மதிப்பீடு

விடைகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் சில முடிவுகளுக்கு வரலாம். கட்டாயமும் புள்ளியும் இருக்கையை நிரப்பும். பார்வையாளரை உருவாக்குமா என்பது ஐயமே. பற்று உறுதியானது, ஆனால் ஆணையிட்டு வளர்க்க முடியாதது. அடிக்கடி பார்ப்பதால் மட்டுமே வளர்வது. திரை துணைக் காரணம். பாதுகாப்பும் கூரையும் அடிப்படைத் தேவைகள்; அவை கூட்டத்தை உண்டாக்காவிட்டாலும் வந்த கூட்டத்தைக் காக்கும்.

நீலகிரிக்கு முதலில் வேண்டியது அட்டவணை என்பதே இக்கட்டுரையின் முடிவு. மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் கல்லூரிகள் ஒருவர் திடலில் மற்றவர் ஆடும் சிறிய லீக். இரு பருவமழைகளுக்கும் ஒதுங்கிய ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சனிக்கிழமைக் காலை ஆட்டங்கள். பருவத் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்ட தேதிகள். ஆட்டம் முடிந்தபின் கிளம்பும் பேருந்து. சில வரிசைகளுக்கு ஒரு கூரை. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு புதிய கேலரிக்கு ஆவதைவிடக் குறைவாகவே இருக்கும். தமிழ்நாடு முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரிப் பிரிவும் இருப்பதால், மாவட்ட அளவிலான ஆட்டங்களை உள்ளூர் மாணவர் வரக்கூடிய நாளில் வைப்பதும் ஒரு தொடக்கமாகலாம்.

தீராத கேள்விகளும் உண்டு. ஊர் அணியின் மேல் உள்ள பற்றைக் கல்லூரி அணி பகிர்ந்துகொள்ள முடியுமா, அல்லது இரண்டும் ஒன்றையொன்று குறைக்குமா? ஜனவரி முதல் மார்ச் வரையிலான நாட்கள் தேர்வுக்கு நெருக்கமானவை. அந்தச் சுமையை அட்டவணை தாங்குமா? மாணவியருக்குத் தனி வரிசை எப்போது தேவையற்றதாகும்? பார்வையாளருக்கும் ஓர் அளவுக்கு ஓ.டி. தருவது விளையாட்டை வளர்க்குமா, வகுப்பைக் குலைக்குமா? ஒரு மாவட்டம் இரண்டு மூன்று பருவங்கள் தொடர்ந்து முயன்று, வந்தவர் எண்ணிக்கையையும் பாதியில் போனவர் சொன்ன காரணத்தையும் குறித்து வைத்தால்தான் இவற்றுக்கு விடை கிடைக்கும். அந்தக் கணக்கைத் தொடங்கும் பொறுப்பு கல்லூரிகளுடையது. மாணவர் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன், அவர் வரக்கூடிய ஓர் ஆட்டத்தை நாம் வைத்தோமா என்று அவை தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.